மடு மாதா சுரூபம் குண்டுல உடையல

அண்ணே, இலங்கைல மன்னார் மடு கோவில் மாதா சுரூபம் 2008 சண்டைல குண்டு விழுந்து உடைஞ்சுட்டு, இப்ப இருக்கது புதுசுன்னு போட்டுருக்கீங்க. குளச்சல்ல எங்க சித்தி இதையே பாத்துட்டு நேத்து ராத்திரி அழுதுகிட்டு போன் பண்ணுனாவ, அதான் எழுதுதேன்.

சுரூபம் உடையவே இல்ல. 2008 ஏப்ரல் ஆரம்பத்துல சண்டை கோவில் பக்கம் நெருங்குனதும் அங்க உள்ள சாமியார்மாரே அத எடுத்து வடக்க தேவன்பிட்டி கோவில்ல கொண்டு வச்சாங்க, அப்புறம் அந்த வருசமே ஆகஸ்ட்ல, 15ஆம் தேதி திருவிழாவுக்கு முன்னாடி திரும்ப மடுவுக்கு வந்துட்டு. கோவில் வளாகத்துல ஷெல் விழுந்தது உண்மைதான், 1999 நவம்பர்ல அங்க அடைக்கலம் இருந்த சனங்க நெறைய பேரு செத்தாங்க, ரெண்டையும் யாரோ கலந்து அடிச்சுட்டாங்கன்னு நெனக்கேன்.

செக் பண்ண கஷ்டமில்ல, "மடு மாதா தேவன்பிட்டி 2008"ன்னு கூகுள்ல போட்டு ஏப்ரல், ஆகஸ்ட் ரெண்டு மாசச் செய்தியையும் தேதி பாத்து வாசிங்க. நம்ம ஊர்லயே மண்டபம், மதுரைன்னு அகதி முகாம்ல இருந்த மன்னார்க்காரங்க யாராவது தெரிஞ்சா கேளுங்க, சொல்லுவாங்க. முடிஞ்சா போஸ்ட்ட திருத்திருங்கண்ணே.