டிரைவ் கொடுத்த 32 பைட்டும் நான் கவனிக்காத 4 பைட்டும்

ஒரு டிவிடி டிரைவோடு ஒரு வாரம் மல்லுக்கட்டினேன். கடைசியில் தப்பு என்னுடையதுதான் என்று தெரிந்தது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு, கூடவே மென்பொருள் சோதனை என்ற பெயரில் நாம் எல்லோரும் செய்துகொண்டிருக்கும் ஒரு கூத்தைப் பற்றியும்.

அலுவலகத்தில் 400 பழைய பேக்கப் டிவிடிகள் பெட்டி பெட்டியாகக் கிடக்கின்றன. எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்ற வேண்டும் என்று சொல்லி வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். நானும் சி மொழியில் சின்னதாக ஒரு நிரல் எழுதி, ஒரு டிரைவைக் கணினிக்குள்ளேயும் இன்னொன்றை யூஎஸ்பி பெட்டி ஒன்றில் வைத்து வெளியேயும் மாட்டினேன். நிரல் கிளம்பியதும் முதல் வேலையாக இருக்கிற டிரைவ்களைப் பட்டியல் போடும்: கம்பெனி பெயர், மாடல், ஃபர்ம்வேர் (டிரைவுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) எண். இரண்டும் வேறு வேறு கம்பெனி, வேறு வேறு மாடல். ஆனால் ஃபர்ம்வேர் மட்டும் இரண்டுக்கும் 1.04.

இருக்கட்டுமே, ஒரே எண் இரண்டு கம்பெனிக்கு வரக்கூடாதா என்ன என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் வேறு ஏதோ காரணத்துக்காக உள்ளே இருக்கும் டிரைவைக் கழற்றிவிட்டு நிரலை ஓட்டினால், வெளியே இருக்கும் டிரைவுக்கு ஃபர்ம்வேர் இடம் காலி. ஒன்றுமே இல்லை. மறுபடி உள்ளே இருப்பதை மாட்டினால் 1.04 திரும்பி வந்துவிடுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிற மாதிரி.

சரி, இந்த இடத்தில் நிரல் எழுதுகிறவன் யாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன், டிரைவோடு பேச நான் எடுத்துப் பயன்படுத்திய, வேறொருவர் எழுதிய லைப்ரரியைத் திட்டினேன்.

விஷயம் தெரியாதவர்களுக்கு: டிவிடி டிரைவ் சாட்டா கேபிளில் வந்தாலும் யூஎஸ்பியில் வந்தாலும் உள்ளே பேசுவது ஸ்கஸி பாஷைதான், கணினி தன்னோடு மாட்டிய சாதனங்களுக்குக் கட்டளை கொடுக்கும் பழைய முறை. அந்தக் காலத்துத் தடித்த ஐம்பது முனைக் கேபிள்கள் எல்லாம் எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டன, ஆனால் 1986-ல் தரநிலையாக வந்த அந்தக் கட்டளை மொழி இன்னும் சாகவில்லை. உன் பெயர் என்ன என்று சாதனத்தைக் கேட்க 'இன்கொயரி' என்று ஒரு கட்டளை. மொத்தம் 6 பைட், முதல் பைட் ஹெக்ஸில் (பதினாறை அடியாகக் கொண்ட எண் முறையில்) 12. பதிலாக வழக்கமாக 36 பைட் வரும். எண்ணிக்கையைப் பூஜ்யத்தில் தொடங்கினால், 8-லிருந்து 15 வரை கம்பெனி பெயர், 16-லிருந்து 31 வரை மாடல், 32-லிருந்து 35 வரை ஃபர்ம்வேர். அவ்வளவுதான். முகவரி எழுதிய போஸ்ட் கார்டு மாதிரி கட்டம் கட்டமாக இருக்கும்.

இந்தக் கட்டளைகளை நாமே நேராக இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு அனுப்பலாம், ஆனால் லினக்ஸில் ஒரு விதம், சோலாரிஸில் ஒரு விதம், ஃப்ரீபிஎஸ்டியில் ஒரு விதம், விண்டோஸில் வேறொரு விதம். அதனால் நடுவில் ஒரு லைப்ரரி. நான் எடுத்துக்கொண்டது லிப்எஸ்சிஜி, சிடிரெக்கார்ட் என்ற பழைய சிடி எழுதும் நிரலுக்கு அடியில் இருப்பது. ஜெர்மனிக்காரரான யோர்க் ஷில்லிங் எழுதியது. மனிதர் 2021-ல் காலமாகிவிட்டார். உயிரோடு இருந்தவரை லினக்ஸ் ஆட்களோடு அவருக்குப் பெரிய சண்டை. 2004-ல் கெர்னல் 2.6.8 வந்தபோது சாதாரணப் பயனர் அனுப்பும் ஸ்கஸி கட்டளைகளை வடிகட்ட ஆரம்பித்தார்கள், சிடி எழுதுவது பலருக்கு நின்றுபோனது, அதில் ஒரு சண்டை. 2006-ல் உரிமத் தகராறு, டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பின் ஆட்கள் நிரலைத் தனியாகப் பிரித்துக்கொண்டு போய், லைப்ரரிக்கு லிப்யூசல் என்று பெயரையே மாற்றிவிட்டார்கள். யார் பக்கம் நியாயம் என்ற பஞ்சாயத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் அந்த மனிதர் தன் லைப்ரரியோடு கூடவே ஒரு சோதனைக் கருவியையும் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார், பெயர் எஸ்சிஜிசெக். அதைப் பற்றிப் பேசுகிற ஆளையே நான் பார்த்ததில்லை.

கருப்புத் திரையில் ஓடும் கருவி. ஜன்னல் கிடையாது, பச்சை டிக் கிடையாது. எந்தச் சாதனம் என்று சொல்லி ஓட்டினால் ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் நிறுத்தி, தொடங்கலாமா, எண்டர் அழுத்து என்று கேட்கும். நடந்ததையெல்லாம் ஒரு லாக் கோப்பில் எழுதி வைக்கும். முதல் தடவை ஓட்டியபோது, என்னடா இது, எண்டர் தட்டியே விரல் தேயும் போலிருக்கிறதே என்றுதான் நினைத்தேன். பத்து நிமிடத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஏன் என்றால் இந்தக் கருவி லைப்ரரியிடம் கேட்கும் முக்கியமான கேள்விகள் எல்லாம் தோல்வியைப் பற்றியவை. சாதனம் ஏற்றுக்கொள்ளவே முடியாத ஒரு கட்டளையை வேண்டுமென்றே அனுப்புகிறது. டிரைவ் 'முடியாது' என்று சொல்லியாக வேண்டும். அந்த 'முடியாது' வழியில் எங்கேயும் காணாமல் போகாமல், திரியாமல், முழுசாக நம் கைக்கு வருகிறதா என்று பார்க்கிறது. முடியாது என்று சொல்வதிலும் ஸ்கஸியில் வகை உண்டு. டிரைவ் திருப்பித் தரும் பிழை விவரத்தில், அதாவது சென்ஸ் தகவலில், பைட் 2-ல் வகை: 2 என்றால் இன்னும் தயாராகவில்லை, 3 என்றால் டிஸ்க்கே கெட்டிருக்கிறது, 5 என்றால் நீ கேட்டதே தப்பு. பைட் 12-ல் விவரம்: வகை 5-லேயே ஹெக்ஸ் 20 என்றால் இப்படி ஒரு கட்டளையே எனக்குத் தெரியாது, 24 என்றால் கட்டளை தெரியும், அதற்குள் ஏதோ ஒரு இடம் தப்பு.

இதற்கு மேல் லைப்ரரி தன் பங்குக்கு ஒரு தரம் பிரிக்கிறது. பிழையில்லை, மறுபடி முயலலாம், இனி தேறாது, நேரம் கடந்துவிட்டது என்று நான்கு. டிரைவ் மறுத்தது வேறு, கட்டளை டிரைவுக்குப் போய்ச் சேரவே இல்லை என்பது வேறு. இந்த வித்தியாசம் தெரியாத லைப்ரரி கல்யாணத் தரகர் மாதிரி. பெண் வீட்டில் வேண்டாம் என்று சொல்லியிருப்பார்கள், பெண் வீட்டுக்கே போகாமல் டீக்கடையோடு திரும்பியிருப்பார், இரண்டுக்கும் அவரிடம் ஒரே பதில்தான், 'பார்க்கலாம்னு சொன்னாங்க'.

எனக்கு ரொம்பப் பிடித்தது அடுத்த சோதனை. சென்ஸ் தகவல் எத்தனை பைட் வந்தது என்பதைச் சரிபார்ப்பது. குறைந்தபட்சம் 18 வர வேண்டும். லைப்ரரி 18 என்று சொல்கிறது, சரி, அதை எப்படி நம்புவது? பதிலை வாங்கி வைக்கும் நினைவக இடமான பஃபரை முதலில் முழுக்கப் பூஜ்யத்தால் நிரப்பிவிட்டுக் கட்டளையை அனுப்புகிறது. வந்த பிறகு பின்னாலிருந்து பார்த்து, பூஜ்யம் அல்லாத கடைசி பைட் எங்கே என்று தேடுகிறது. ஆனால் டிரைவே உண்மையில் பூஜ்யம் அனுப்பியிருந்தால்? அதனால் பஃபரை இந்தத் தடவை முழுக்க ஹெக்ஸ் எஃப்எஃப் (ஒரு பைட்டின் மிகப் பெரிய மதிப்பு) போட்டு நிரப்பி அதே கட்டளையை மறுபடி அனுப்புகிறது. இப்போது எஃப்எஃப் எதுவரை அழிந்திருக்கிறதோ அதுவரை நிஜமாக வந்தது. லாக்கில் இரண்டு வரி: எதிர்பார்த்தது 18, லைப்ரரி சொன்னது 18, கண்ணால் பார்த்தது 18. பாத்திரத்தில் பால் எவ்வளவு ஊற்றினான் என்று தெரிய, ஊற்றுவதற்கு முன்னாலேயே உள்பக்கம் மாவு தடவி வைக்கிற வேலை. இதைப் பார்த்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

18-ல் என்ன இருக்கிறது, 16 வந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. ஸ்கஸி கட்டளைகளைச் சாதனத்துக்குக் கடத்தும் லினக்ஸின் பழைய எஸ்ஜி டிரைவர் அப்படித்தான் 16 பைட் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தது. வகை, விவரம் எல்லாம் அதற்குள் வந்துவிடும், யாருக்கும் குறை தெரியாது. ஆனால் 'நீ கேட்டது தப்பு' என்று சொல்லும் டிரைவ், உன் கட்டளையில் எத்தனையாவது பைட் தப்பு என்று சுட்டிக் காட்டுவது 16, 17-ஆம் பைட்டுகளில். எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குவதால் சரியாக வெட்டுப்பட்டுப் போகிற அந்தக் கடைசி இரண்டு. டிஸ்க்கை அழிக்கும்போது எவ்வளவு முடிந்தது என்று டிரைவ் சொல்வதும் அதே இடத்தில்தான். டிரைவ் பாவம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது, நடுவில் இருப்பவன் கடைசி வாக்கியத்தை மட்டும் விழுங்கிவிட்டான்.

அப்புறம் என் பிரச்சினைக்கு வருகிறேன். டிரைவ் தரக்கூடியதைவிட அதிகமாகக் கேட்டு, மீதி எவ்வளவு வரவில்லை என்று லைப்ரரி சரியாகச் சொல்கிறதா என்றும் இந்தக் கருவி பார்க்கிறது. ரெசிட்யுவல் என்பார்கள், கணக்கில் பற்றாக்குறை. யூஎஸ்பி பெட்டிகள் இந்தக் கணக்கில் பொய் சொல்வதற்குப் பேர்போனவை. பெட்டி சொல்லும் மீதிக் கணக்கை நம்பாதே என்று குறிப்பிட்ட மாடல்களுக்கென்றே லினக்ஸ் கெர்னலுக்குள் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். ஆக, ஒன்று என் பெட்டி பொய் சொல்கிறது, இல்லை லைப்ரரி பொய் சொல்கிறது என்று முடிவே கட்டிக்கொண்டு எண்டர் தட்டினேன்.

இரண்டும் பொய் சொல்லவில்லை. பெட்டி 32 பைட்தான் தருகிறது, அது மட்டமான பெட்டி, ஃபர்ம்வேர் இருக்கும் கடைசி 4 பைட்டை அனுப்புவதே இல்லை. ஆனால் பதிலின் பைட் 4-ல், எனக்குப் பின்னால் இன்னும் இத்தனை பைட் என்று எழுதும் இடத்தில், 31-க்குப் பதிலாக 27 என்று நேர்மையாகவே போட்டிருக்கிறது. லைப்ரரியும் 4 பைட் வரவில்லை என்று ஒவ்வொரு தடவையும் சொல்லியிருக்கிறது. நான்தான் கேட்கவில்லை. கட்டளை வெற்றியா என்று மட்டும் பார்த்துவிட்டு, எவ்வளவு வந்தது என்று பார்க்காமல், இரண்டு டிரைவுக்கும் ஒரே பஃபரைத் துடைக்காமல் கொடுத்திருக்கிறேன். முதல் டிரைவின் 1.04 அங்கேயே உட்கார்ந்திருந்தது. தனியாக ஓட்டியபோது காலியாக வந்ததும் அதனால்தான், புது பஃபர், எல்லாம் பூஜ்யம்.

இன்றைக்கு ஃபர்ம்வேர் எண். இதே கவனக்குறைவு டிஸ்க்கைப் படிக்கிற இடத்தில் இருந்திருந்தால்? 32 பிளாக் (டிஸ்க்கில் உள்ள தரவுத் துண்டு) கேட்டு 30 வந்து, மீதி இரண்டில் முந்தைய டிஸ்க்கின் தரவு ஒட்டிக்கொண்டு, எல்லாம் வெற்றி என்று கோப்பு சேமிக்கப்பட்டிருக்கும். யாரும் ஐந்து வருடத்துக்குக் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். ஓடிப் போய் அந்தப் பகுதியைத் திறந்து பார்த்தேன். இருந்தது. அதுவரை மாற்றிய 60 டிஸ்க்கையும் மறுபடி படித்தேன், வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு ஆறிப்போனதற்குக் காரணம் அதுதான்.

இப்போது என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன், சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம். நம் அலுவலகங்களில் எழுதும் சோதனைகளில் பெரும்பாலானவை வெற்றியை ஒத்திகை பார்க்கிறவை. சாதனத்துக்குப் பதில் ஒரு போலியை எழுதி, அது எப்போதும் கேட்டதைக் கேட்ட அளவில் தரும்படி செய்துவிட்டு, நம் நிரல் சரியாக ஓடுகிறது என்று பச்சை விளக்கைப் பார்த்து மகிழ்கிறோம். என் நிரலுக்கும் அப்படி 14 சோதனைகள் இருந்தன. பதினான்கும் பாஸ். போலி டிரைவ் எப்போதும் 36 பைட் கொடுத்தது, கொடுக்காமல் என்ன செய்யும், அதை எழுதியவனே நான்தானே.

லினக்ஸில் ஸ்கஸி டீபக் என்று ஒரு கெர்னல் மாட்யூல் இருக்கிறதே, நினைவகத்திலேயே போலி டிஸ்க் உருவாக்குமே என்று கேட்பீர்கள். நல்ல சாமான்தான், நானும் பயன்படுத்துகிறேன். ஒரு எண்ணை மாற்றினால் 4660-ஆம் பிளாக்கைப் படிக்கும்போது டிஸ்க் கெட்டுவிட்டது என்று பிழை கொடுக்கும், அது வரையில் அழகு. ஆனால் அது படித்த வீட்டுப் பிள்ளை, பிழையைக்கூட இலக்கண சுத்தமாகத்தான் சொல்லும். வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போகும் மட்டமான பெட்டியின் குணம் மட்டமான பெட்டியிடம்தான் கிடைக்கும். அதனால்தான் புதுப் பெட்டி வாங்கித் தருகிறேன், இதைத் தூக்கிப் போடு என்று மேலாளர் சொன்னதற்கு முடியாது என்றுவிட்டேன். அது இப்போது என் மேஜை டிராயரில், 'சோதனைக்கு மட்டும்' என்று ஸ்டிக்கர் ஒட்டி.

எஸ்சிஜிசெக்கில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு அடியிலும் எண்டர் கேட்பதால் இரவில் தானாக ஓட விட முடியாது. செய்திகள் அதை எழுதியவருக்கே புரியும் பாணியில் இருக்கின்றன. ஆனால் அந்த எண்டரிலும் ஒரு லாபம் இருந்தது. ஒவ்வொரு தடவை நிறுத்தும்போதும், அடுத்து என்ன வர வேண்டும் என்று நானே ஒரு கணம் யோசிக்க வேண்டியிருந்தது, யோசித்தது பாதி நேரம் தப்பாகவும் இருந்தது.

நிரலைத் திருத்தியது மொத்தம் இரண்டு இடத்தில். கட்டளைக்கு முன் பஃபரை எஃப்எஃப்பால் நிரப்புகிறேன், கட்டளைக்குப் பின் மீதியைப் பார்க்கிறேன். இப்போது வெளியே இருக்கும் டிரைவுக்கு ஃபர்ம்வேர் இடத்தில் 'தரவில்லை' என்று வருகிறது.

உங்களிடம் பழைய யூஎஸ்பி டிரைவ் பெட்டி ஏதாவது பரணில் கிடந்தால், இந்தக் கருவியை ஒரு தடவை ஓட்டிவிட்டு லாக் கோப்பை இன்பாக்ஸில் போடுங்கள். ஓட்டுவதற்கு முன் எந்தச் சாதனம் என்று ஒன்றுக்கு இரண்டு தடவை பாருங்கள், எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனராக ஓட்டும்போது கை தவறி உங்கள் ஹார்ட் டிஸ்க் எண்ணைக் கொடுத்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.