திருப்புளியும் சுக்கானும் நம் சொற்கள்தான்

பள்ளிப் பாடத்தில் எளிய இயந்திரங்கள் என்று ஒரு பகுதி வரும். நெம்புகோல், கப்பி, சாய்தளம், ஆப்பு, திருகு, சக்கரமும் அச்சும். பிள்ளைகள் ஆறையும் ஒப்பித்து மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் வீட்டுக் கிணற்றில் தொங்குவதும் அந்தக் கப்பிதான் என்று பலருக்குத் தெரிவதில்லை. புத்தகத்தில் கப்பி என்று இருக்கிறது, வீட்டில் ராட்டினம், உருளை, சகடை என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறோம். இரண்டையும் சேர்த்துச் சொல்லித் தர ஆளில்லை. எனக்கு இது பெரிய வருத்தம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

காரைக்குடியில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்க இந்தச் சொற்கள் காதில் விழுகின்றன. வயதான ஆசாரிகள் வந்தால் திருப்புளி கேட்பார்கள், அவர்களிடம் வேலை பழகும் பையன்கள் ஸ்க்ரூ டிரைவர் கேட்பார்கள். திருப்புகிற உளி திருப்புளி, இழைக்கிற உளி இழைப்புளி. எவ்வளவு கச்சிதமான சொற்கள்! கொத்தனார்கள் கேட்கும் ரசமட்டம், தூக்குக்குண்டு, மூலைமட்டம் எல்லாம் இதே வகைதான். பெயரைச் சொன்னதும் வேலை புரிந்துவிடும். லேத்துப் பட்டறையைக் கடைசல் பட்டறை என்று சொல்கிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

திருகில் சுற்றிச் சுற்றி ஓடும் வரிப்பள்ளத்துக்குச் சொல்லும் மரை என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘மரை தேய்ந்துபோச்சு’, ‘புதுசா மரை வெட்டணும்’ என்று பட்டறையில் தினமும் கேட்கலாம். புத்தி தடுமாறியவனை மரை கழண்டவன் என்று சொல்லும் அளவுக்கு அது பேச்சில் ஊறியிருக்கிறது. ஆச்சிகள் காதில் போடும் தோட்டின் பொடித் திருகிலும், லாரிச் சக்கரத்தை இறுக்கும் நட்டிலும் இருப்பது அதே மரைதான். உருண்டையான தண்டின் மேல் சுற்றி ஏறும் சாய்தளம்தான் மரை என்று ஒரு தோட்டைக் கழற்றிக் காட்டிச் சொன்னால், எந்தப் பிள்ளைக்கும் பாடம் புரிந்துவிடும்.

இங்கே பல பழைய வீடுகளின் தேக்குக் கதவுகளில் கீல் கிடையாது. மேலும் கீழும் உள்ள குடுமியில் நின்றுதான் கதவு சுழலும். அச்சு என்றால் என்ன என்று விளக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது கப்பல். கடலே இல்லாத ஊரில் கப்பல் சொல் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். இலங்கை, பர்மா, மலேயா என்று கொண்டுவிற்கப் போனவர்களின் ஊர் இது. அந்தக் கதவுத் தேக்கே பர்மாவிலிருந்து கடல் தாண்டி வந்ததுதான். அவர்களை ஏற்றிப்போன மனிதர்களின் சொற்களும் நம் சரித்திரத்தில் சேர்த்திதான்.

அந்தச் சொற்களில் பல, வெளியிலிருந்து வந்தவை. மாலுமி அரபியில் முஅல்லிம், அதாவது கற்றுத் தருபவர். கப்பலைத் திருப்பும் சுக்கானும் அரபி. நங்கூரமும், மாலுமிகளை மேய்க்கும் சாரங்கும் பாரசீகத்திலிருந்து வந்தவை. இதையெல்லாம் களைய வேண்டும் என்று சொல்பவர்களின் மொழிப்பற்றை மதிக்கிறேன், ஆனால் அந்த முடிவை ஏற்கவே முடியாது. ஒரே கப்பலில் அரபியரும் குஜராத்திகளும் மலையாளிகளும் தமிழர்களும் வேலை பார்த்தார்கள். காற்று திசை மாறினால் ஒரே கூப்பாட்டில் எல்லோருக்கும் புரிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் உயிர் போகும். அப்படிப் புழங்கி நிலைத்த சொற்கள் இவை. வெள்ளைக்கார அதிகாரிகளே அந்தக் கலவைப் பேச்சைக் கற்க வேண்டியிருந்தது. அதற்காக தாமஸ் ரோபக் தொகுத்த கப்பல் அகராதி 1811-ல் கல்கத்தாவில் வெளிவந்தது.

நாம் வாங்கியது மட்டும் இல்லை, கொடுத்தும் இருக்கிறோம். மலாய்க்காரர்களின் காப்பால் நம் கப்பல்தான். கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போனது எல்லோருக்கும் தெரியும். தென்கரைத் தோணிகளை நடத்தும் தண்டல், ஆங்கிலேயர் கப்பல்களில் டிண்டல் ஆகி சாரங்குக்கு அடுத்த நிலையில் நின்றார். அணியம் என்றால் கலத்தின் முன்பக்கம், அமரம் என்றால் பின்பக்கம், ஏரா என்றால் அடிக்கட்டை. இவற்றில் ஒன்றுகூட நம் பிள்ளைகள் படிக்கும் எளிய இயந்திரப் பாடத்தின் பக்கம் வருவதில்லை.

வரவேண்டும் என்பதற்கு வலுவான காரணம் இருக்கிறது. பாய்க்கப்பல் என்பதே கயிறும் கப்பியும்தான். ஒரு பெரிய போர்க்கப்பலுக்கு ஆயிரம் கப்பி வரை தேவைப்பட்டன. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தில் மார்க் புருனல் வடிவமைத்து, ஹென்றி மாட்ஸ்லி செய்து கொடுத்த இயந்திரங்கள் 1808-ல் மட்டும் 1,30,000 கப்பிகளைச் செய்து தள்ளின. துல்லியமாக மரை வெட்டும் கடைசல் இயந்திரத்தைச் செம்மைப்படுத்தியவரும் அதே மாட்ஸ்லிதான். அவர் பட்டறையில் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த் 1841-ல் மரைக்கு ஒரு பொது அளவை முன்வைத்தார். கப்பலும் கப்பியும் திருகும் இப்படி ஒரே பட்டறைக்குள் சந்தித்த கதையை ஏன் மூன்றாகப் பிரித்து, உயிரில்லாமல் சொல்லித் தருகிறோம்?

கலைச்சொல் ஆக்குபவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. புதிதாக ஒரு நீண்ட கூட்டுச்சொல் கட்டுவதற்கு முன்னால் ஒரு பட்டறையில் போய் உட்காருங்கள். திருப்புளி அங்கே இருக்கிறது, துளை போடும் தமரூசி இருக்கிறது, அரத்தால் ராவுவது இருக்கிறது. பேரிங், வாஷர் போன்றவற்றுக்குப் பட்டறையில் வேறு பெயர் இல்லையென்றால் அப்படியே எழுதுங்கள். போர்த்துக்கீசியரிடம் வாங்கிய சாவியையும் மேஸ்திரியையும் நாம் தமிழாகத்தானே பேசுகிறோம்.

ஆசிரியர்கள் பிள்ளைகளை முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு ஒரு நாள் கூட்டிப் போகலாம். பழைய பூட்டு, கப்பி என்று கையில் எடுத்துப் பார்க்க நிறைய இருக்கும். அப்புறம், தொண்டி, தேவிபட்டினம் பக்கம் படகு கட்டும் குடும்பங்களிலிருந்து யாராவது இதைப் படித்தால், பாயை ஏற்றும் கயிறு, இறக்கும் கயிறு, இழுத்துக் கட்டும் கயிறு ஒவ்வொன்றையும் உங்கள் வீட்டில் என்ன பெயரில் சொல்கிறார்கள் என்று படத்தோடு எழுதுங்கள். எந்த ஊர் வழக்கு என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.