பள்ளி மேலாண்மைக் குழுவுக்குச் சம்பளமா?

"அரசுப் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கு மாதச் சம்பளம், 500 ரூபாய் கட்டிப் பதிவு செய்யுங்கள், கடைசி 2 நாள்" என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. கீழே ஒரு லிங்க், அதற்கும் கீழே கைகூப்பும் எமோஜி. தகவல் தவறு.

இந்தக் குழு 2009 ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 21வது பிரிவின்படி அமைவது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்காவது பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். பள்ளி நடப்பதைக் கண்காணிப்பது, வளர்ச்சித் திட்டம் தயாரித்துப் பரிந்துரைப்பது, அரசு தரும் நிதி எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது ஆகியவை இவர்கள் வேலை. அரசு உதவிபெறும் பள்ளிகளில் குழு ஆலோசனை மட்டுமே சொல்லலாம். இது தன்னார்வப் பணி, சம்பளம் கிடையாது.

சரி, எப்படிச் சேர்வது? தமிழ்நாட்டில் பெற்றோர் கூட்டம் நடத்தி, பள்ளியிலேயே தேர்ந்தெடுக்கிறார்கள். தலைவராக வருபவரும் ஒரு பெற்றோர்தான். கழிப்பறைக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று எழுந்து கேட்கிற அம்மாவே போதும், லிங்க் எதற்கு? பதிவுக் கட்டணம் என்று ஒன்று இல்லவே இல்லை.

சந்தேகம் இருந்தால் தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள், அல்லது கல்வி உதவி எண் 14417க்குப் பேசுங்கள். சட்டத்தின் முழு வாசகமும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அந்தத் தகவல் உங்கள் குரூப்புக்கு வந்தால் தயவுசெய்து ஃபார்வர்டு செய்யாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அதே குரூப்பில் "தவறு" என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.