அப்போ இன்னும் மனந்திரும்பலையா?

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் நான் எழுந்து என் பாவத்தை அறிக்கை பண்ணினபோது நடந்ததை இங்கே பெரும்பாலானவர்கள் பார்த்துவிட்டீர்கள். பார்க்காதவர்களுக்கும் யாராவது அனுப்பியிருப்பார்கள். நாற்பது வினாடி வீடியோ, நம் சேகரத்து (சபை வட்டாரத்து) வாட்ஸ்அப் குழுக்களைத் தாண்டி பாறசாலையில் இருக்கும் என் மச்சினன் வரைக்கும் போய்விட்டது. நான் பேசிய நாலு நிமிஷம் அதில் இல்லை. கடைசியில் பெரியவர் ஒருவர் எழுந்து, "இருபத்திரண்டு வருஷம் முன்னாடி ரட்சிக்கப்பட்டேன்னு இதே இடத்துல நின்னு சாட்சி சொன்ன ஆளு. அப்போ இன்னும் மனந்திரும்பலையா?" என்று கேட்டதும், பின்வரிசை சிரித்ததும் மட்டும் இருக்கிறது. யார் வெட்டினீர்களோ, ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற மாதிரி, பட்டை சேதமாகாமல் வெட்டியிருக்கிறீர்கள். கை பழகிய வெட்டுதான்.

அன்று எனக்கு வாய் வரவில்லை. இன்று சொல்கிறேன். ஆமாம் ஐயா, இன்னும் முடியவில்லை. சாகும்வரை முடியாது என்றுதான் நினைக்கிறேன்.

இது நான் கண்டுபிடித்த உபதேசம் என்று சிலர் பேசுகிறார்கள். அக்டோபர் 31 வந்தால் சபையைச் சீர்திருத்த எழுந்த லூத்தரைப் பற்றி அரை மணிநேரம் பிரசங்கம் கேட்கிறோமே, 1517-இல் அவர் எழுதிய 95 வாக்கியங்களில் முதலாவது என்ன? மனந்திரும்புங்கள் என்று ஆண்டவர் சொன்னபோது, விசுவாசியின் வாழ்க்கை முழுவதுமே மனந்திரும்புதலாய் இருக்கவேண்டும் என்று விரும்பினார் என்பதுதான். தொண்ணூற்றைந்தையும் படிக்க வேண்டாம். ஒன்றைப் படித்தால் போதும். வேதத்தின் கடைசிப் புத்தகம் வெளிப்படுத்தின விசேஷத்தில் ஏழு சபைகளுக்குக் கடிதம் போகிறது. அதில் ஐந்து சபைகளுக்கு "மனந்திரும்பு" என்று எழுதியிருக்கிறது. ஊரில் சாமி கும்பிடுகிறவர்களுக்கு எழுதியதில்லை, சபைக்கு. நம்மைப் போல காணிக்கைப் பையும் கமிட்டியும் உள்ள... சரி, அந்தக் காலத்தில் கமிட்டி இருந்திருக்காது. விட்டுவிடுகிறேன்.

என் மனைவி நெய்யாற்றின்கரைக்காரி. மலையாளத்தில்தான் ஜெபம் பண்ணுவாள். அவள் வேதாகமத்தில் இதற்கு 'மானஸாந்தரம்' என்று இருக்கும், மனசு மாறுவது. கிரேக்கத்தில் 'மெட்டனோயா' என்பதும் அதுதான். நம் தமிழில் 'திரும்புதல்', பழைய தீர்க்கதரிசிகள் எபிரெயுவில் சொன்ன 'ஷூவ்' மாதிரி. கல்யாணமான புதிதில் எது சரி என்று இரண்டு பேரும் சண்டை போட்டிருக்கிறோம். களியக்காவிளையிலிருந்து நெய்யாற்றின்கரைக்கு வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும், ஒரு வளைவில் திரும்பியாச்சு என்று ஸ்டியரிங்கை விட்டுவிட்டால் வண்டி எங்கே போய் நிற்கும் என்று.

இனி நான் சொன்ன விஷயம். வீடியோவில் அது இல்லாததால் ஆளுக்கொரு கதை ஓடுகிறது. நானே சொல்லிவிடுகிறேன்.

என்னுடையது ரப்பர் ஷீட் கடை. ஷீட் வந்தால் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்போம். நன்றாகப் புகை ஏறியிருந்தால் தேன் நிறத்தில் ஊடுருவித் தெரியும். உள்ளே வெள்ளை வெள்ளையாகத் திட்டு இருந்தால் ஈரம் காயவில்லை என்று அர்த்தம், எடையில் கழிப்போம். அதில் தப்பில்லை, எல்லா வியாபாரியும் செய்வதுதான். நான் செய்தது வேறு. புருஷனில்லாத ஒரு பாட்டி, முப்பது மூட்டு மரம் வைத்திருக்கிறவர், கண் சரியாகத் தெரியாது. அவர் கொண்டுவரும் ஷீட்டைத் தூக்கிப் பிடித்து, "உள்ளே வெள்ளை கிடக்கு பாட்டி" என்று சொல்லி ஒவ்வொரு தடவையும் அரைக் கிலோ கழித்திருக்கிறேன். வெள்ளை இருந்ததில்லை. அவருடைய ஷீட் கண்ணாடி மாதிரி இருக்கும்.

மாசியில் ரப்பர் மரம் இலை உதிர்ந்து பால் வெட்டு நின்றுவிடும். ஈஸ்டருக்கு முந்திய லெந்து நாளும் அப்போதுதான். கடையில் வேலையில்லாமல் பழைய நோட்டைப் புரட்டினேன். அந்த அரைக் கிலோக்கள் வரிசையாக, என் கையெழுத்திலேயே இருந்தன. இதைத்தான் ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தி குடித்ததற்காகவும் அடிதடிக்காகவும் அழுதேன். அன்று இந்தத் தராசு என் கண்ணில் படவே இல்லை. அன்றைக்கு எப்படி மொத்தமாக மனந்திரும்பியிருக்க முடியும், சொல்லுங்கள்.

"முழுகினவனுக்கு மறுபடி குளிப்பு எதற்கு?" என்று ஒரு தம்பி பின்னூட்டத்தில் வசனம் போட்டிருக்கிறார். அந்த வசனத்தை முழுசாகப் படியுங்கள் தம்பி. முழுகினவன் கால்களை மாத்திரம் கழுவவேண்டும் என்று இருக்கிறது. கால் கழுவச்சொன்னது பேதுருவிடம். அதே பேதுரு பெந்தெகொஸ்தே நாளுக்கு எத்தனையோ வருஷம் கழித்தும், அந்தியோகியாவில் யூதர் வந்ததும், புறஜாதியாரோடு சாப்பிட்ட பந்தியிலிருந்து ஆள் பார்த்து விலகினார். பவுல் முகத்துக்கு முன்னாலேயே கேட்டார். அப்போஸ்தலனுக்கே அழுக்கான கால், களியக்காவிளைச் சந்தையில் நடக்கிற என் காலுக்கு ஆகாதா? "நமக்குப் பாவமில்லையென்போமானால்" என்று யோவான் எழுதும்போது 'நமக்கு' என்று தன்னையும் சேர்த்தே எழுதுகிறார். ஒவ்வொரு திருவிருந்து ஆராதனையிலும் பாவ அறிக்கை சொல்கிறோமே, அது யாருக்கு? முன்வரிசைக்கு அதில் விலக்கு உண்டா?

"பாவம் செய்வது, மன்னிப்புக் கேட்பது, திரும்பச் செய்வது, நல்ல வசதி" என்று கேட்டவர்களுக்கு: இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறின வரிவசூல்காரன் சகேயு வெறும் அழுகையோடு இறங்கவில்லை, நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றான். நானும் நாலு மடங்குதான் கணக்குப் போட்டேன். கைவசம் இருந்த பணம் போதவில்லை, மனைவியின் வளையல் ஒன்று அடகுக்குப் போயிருக்கிறது. இந்த வசதி யாருக்கு வேண்டுமோ வாங்க.

"தேவனிடம் தனியே சொல்ல வேண்டியதை மைக்கில் சொன்னது விளம்பரம்" என்றும் ஒருவர். இருக்கலாம்.

எங்கள் அப்பா ரப்பர் பால் வெட்டுக்காரர். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவார். முந்திய வெட்டில் காய்ந்து கிடக்கிற ஒட்டுப்பாலை உரித்தெடுத்துவிட்டுத்தான் அடுத்த வெட்டுப் போடுவார். ராத்திரி பாயில் முழங்கால் போட்டு, "தேவனே, பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்று மட்டும் சொல்வார், வேறு ஜெபம் கிடையாது. அன்றைக்கெல்லாம் எனக்கு எரிச்சலாக வரும். ராத்திரி எட்டு மணிக்குத் தூங்குகிற மனுஷன், இவர் என்ன பாவம் செய்தார் என்று. அப்பா இருந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். இதை எழுதும்போதும் அதுதான் உறுத்துகிறது. கேள்வி கேட்டதைக்கூட விடுங்கள், என்னோடு சேர்ந்து சண்டே ஸ்கூல் படித்தவர்கள் சிரித்தீர்கள். உங்களில் இரண்டு பேர் என் கடைக்குத்தான் ஷீட் போடுகிறீர்கள். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கே வந்து, "அண்ணாச்சி, எங்களுக்கும் எவ்வளவு கழிச்சீங்கன்னு பாருங்க" என்றீர்கள். பார்த்தேன். உங்களுடையது நிஜமாகவே ஈரம்.

பாட்டி செவ்வாய்க்கிழமை வந்தார். பணத்தைக் கொடுத்தேன். அழுவார், தலையில் கைவைத்து ஆசீர்வாதம் பண்ணுவார் என்று மனசுக்குள் ஒரு காட்சி ஓட்டி வைத்திருந்தேன், வெட்கம்தான். அவர் நோட்டு நோட்டாகத் தடவி எண்ணி மடியில் முடிந்துகொண்டு, "மக்களே, இது எந்த வருஷத்திலேருந்து உள்ள கணக்கு?" என்றார்.

2020 என்றேன்.

"அதுக்கு முந்தியும் உனக்குத்தானே ஷீட் தந்தேன். பழைய நோட்டை எடுத்து வை. வெள்ளிக்கிழமை பேரனைக் கூட்டிட்டு வாறேன்."

பரணில் ஏறித் தேடிக்கொண்டிருக்கிறேன். 2017 கிடைத்துவிட்டது.