பாட வந்தவள் பாடிவிட்டுப் போக வேண்டுமாம்

ஒரு கச்சேரிக்காக ஒரு பாடகியை இணையத்தில் திட்டித் தீர்ப்பதை மூன்று நாளாகப் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை.  வசூல் முழுக்க அரசியல் கைதிகளின் வழக்குச் செலவுக்கு என்று முதல் நாளே அறிவித்துவிட்டுத்தான் டிக்கெட் விற்றார் அந்தப் பாடகி. மேடையில் இரண்டு பாட்டுக்கு நடுவே நாலு நிமிடம் அதைப் பற்றிப் பேசினார். அதற்குத்தான் இத்தனை வசவு. எல்லோரும் பகிரும் பதிவு ஒன்று கேட்கிறது: "பாட வந்தவள் பாடிவிட்டுப் போக வேண்டியதுதானே?"

எதற்குக் காசு என்று சொல்லாமல் வாங்கியிருந்தால் தப்பு. அவர் சொல்லிவிட்டு வாங்கினார்.

1988 ஜூன் 11. மண்டேலாவின் 70ஆவது பிறந்தநாளுக்காக லண்டன் வெம்ப்ளி அரங்கில் பெரிய கச்சேரி. மண்டேலா அப்போது தென்னாப்பிரிக்க நிறவெறி அரசின் சிறையில். அமெரிக்காவில் அதை ஒளிபரப்பிய ஃபாக்ஸ் தொலைக்காட்சி, அரசியலாகப் பட்ட பேச்சில் பெரும்பகுதியை வெட்டிவிட்டது. பிறந்தநாள்காரர் ஏன் வரவில்லை என்பதைச் சொல்லாமல் என்ன பிறந்தநாள்? 1990 ஏப்ரலில் அதே வெம்ப்ளியில் மண்டேலாவே மேடையேறினார். பாட்டுதான் சிறையைத் திறந்தது என்று நான் சொல்லவில்லை, அது தென்னாப்பிரிக்க மக்கள் சிந்திய ரத்தம். ஆனால் அன்றைக்கு எல்லோரும் பாடிவிட்டு மட்டும் போயிருக்க வேண்டுமா?

விளம்பரத்துக்காகச் செய்கிறார் என்கிறீர்கள். ரசிகர்களில் பாதிப் பேரைப் பகைத்துக்கொண்டா விளம்பரம் தேடுவார்கள்? விடுங்கள்.

பணம் போய்ச் சேருமா என்ற கேள்வியை மட்டும் என்னால் தள்ள முடியவில்லை. 1971 ஆகஸ்ட் 1 அன்று, சிதார் கலைஞர் ரவிசங்கர் கேட்டுக்கொண்டதற்காக பீட்டில்ஸ் இசைக்குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசன் நியூயார்க்கில் வங்கதேச அகதிகளுக்காகக் கச்சேரி நடத்தினார். டிக்கெட் வசூல் ஏறக்குறைய 2,43,000 டாலர் ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃப்புக்குப் போனது. ஆனால் இசைத்தட்டிலும் படத்திலும் வந்த பணத்தில் பெரும்பகுதி, முன்கூட்டியே வரிவிலக்கு வாங்காததால் வருடக்கணக்கில் முடங்கிக் கிடந்தது.

நானும் ஒரு முறை இப்படியொரு கச்சேரியில் உண்டியல் பிடித்து நின்றிருக்கிறேன். எல்லோரும் போன பிறகு ஒரு வயதான அம்மா படியிறங்கியவர் திரும்பி ஏறி வந்தார். கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து, நாலாக மடித்த ஒரு நோட்டை உள்ளே போட்டார். "இது அவங்களுக்குப் போய்ச் சேருமாப்பா?" "சேரும்மா" என்றேன். அப்புறம் அந்தக் கணக்கை யாரும் எனக்குக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. இன்றைக்கும் உறுத்துகிறது.

அதனால் கணக்குக் கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். ஆனால் நீங்கள் கணக்கா கேட்கிறீர்கள்? வாயை மூடு என்கிறீர்கள்.

நேற்று அந்த வசவுப் பதிவுக்கு யாரெல்லாம் விருப்பக்குறி போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தேன். அன்று உண்டியலின் இன்னொரு பக்கத்தைப் பிடித்து நின்றவர் பெயரும் இருந்தது. அண்ணா, அந்த அம்மா கேட்டபோது நீங்களும்தானே தலையாட்டினீர்கள்?