ஐரிஷைச் "செத்த மொழி" என்று மேடையில் சொன்ன அண்ணனுக்கு

இங்கே அயர்லாந்தில் நம் தமிழர்கள் நடத்திய ஆண்டு விழாவில் அந்த அண்ணன் பேசியதை நானும் உட்கார்ந்துதான் கேட்டேன். "பிள்ளைகளுக்கு ஐரிஷ் பாடத்திலிருந்து விலக்கு வாங்குங்கள், செத்த மொழிக்கு ஏன் மெனக்கெடுகிறீர்கள்?" பாதி அரங்கம் கைதட்டியது. நான்கு நாளாகிறது, மனசு ஆறவில்லை.

இந்த நாட்டின் சொந்த மொழியான ஐரிஷ் சாகவில்லை. 2022 கணக்கெடுப்பில் பதினெட்டு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் அது தெரியும் என்றார்கள். பள்ளிக்கு வெளியே தினமும் பேசுகிறவர்கள் 72 ஆயிரம் பேர்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஏன் குறைந்தது? 1845-ல் தொடங்கிய பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் செத்தார்கள், பத்து லட்சம் பேர் கப்பலேறினார்கள். அதிகம் அடிபட்டது ஐரிஷ் பேசிய மேற்குக் கரை ஏழைகள். அந்த நூற்றாண்டில் பிள்ளைகளின் கழுத்தில் குச்சி ஒன்றைக் கட்டிவிட்டு, ஐரிஷ் பேசும்போதெல்லாம் அதில் ஒரு வெட்டு வைத்து, சாயங்காலம் வெட்டை எண்ணி அடித்தார்கள். அடித்து ஒடுக்கிய மொழியைப் பார்த்துச் "செத்தது" என்று சொல்ல எப்படி நாக்கு வருகிறது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த நாட்டின் மண்ணையும் கடலையும் பற்றிய அறிவு இந்த மொழிக்குள் இருக்கிறது. அதை எனக்குக் காட்டியவர் என்னோடு வேலை செய்யும் நண்பரின் அம்மா. மேற்குக் கரையில் உள்ள கான்னமாராவில் இருக்கிறார். சென்னையில் கன்னிமாரா நூலகம் என்கிறோமே, அந்தப் பெயர் இந்தப் பகுதியிலிருந்து வந்ததுதான். கடல் வற்றியிருந்த நேரம், முழங்கால் வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு பாறைக்கு நடுவே என்னைக் கூட்டிப்போனார். எனக்கு எல்லாம் வழவழவென்று ஒரே கடல்பாசி. அவருக்கு ஒவ்வொன்றும் ஒரு ஆள். மஞ்சளாகக் குமிழ் குமிழாக இருப்பது ஃபாமின் வீ, உருளைக்கிழங்கு நிலத்துக்கு உரம். கராகீன் என்ற பாசியைப் பாலில் காய்ச்சினால் நெஞ்சுச் சளிக்கு நல்லது என்றார். டில்லஸ்க் என்ற பாசியைக் காயவைத்து அப்படியே மெல்லலாம், ஒரு துண்டு பிய்த்துக் கொடுத்தார், உப்புக் கரித்தது. ஃபாமின் வீயை, பாறையைப் பிடித்திருக்கும் அடியை விட்டு ஒரு சாண் மேலே அறுக்க வேண்டும், அப்போதுதான் சில வருடத்தில் மறுபடி வளரும். அறுத்ததைக் கயிற்றில் சுற்றித் தெப்பமாக்கிப் படகில் இழுத்து வருவார்கள், அதற்கு க்ளிமீன் என்று பெயர். மகனிடம் ஒன்றைக் காட்டி, இதற்கு ஆங்கிலத்தில் என்ன என்று கேட்டார். அவருக்குத் தெரியவில்லை. தாயும் மகனும் ஒரே கரையில் பிறந்தவர்கள்!

ஊர்ப் பெயர்களையே எடுங்கள். டெர்ரி என்றால் ஓக் தோப்பு. மேயோ என்றால் யூ என்ற ஊசியிலை மரங்களின் சமவெளி. 1824-ல் தொடங்கிய ஆங்கிலேய நில அளவை இப்படிப்பட்ட பெயர்களுக்கு ஆங்கில எழுத்துக்கூட்டலையே நிலையாக்கியது, அர்த்தம் கழன்று போனது. நூறு வருடத்துக்கு முன் நாட்டில் காடு நூற்றில் ஒரு பங்குதான் மிச்சம். எந்த மரம் எங்கே நின்றது என்பதற்குப் பல இடங்களில் ஊர்ப் பெயர்தான் சாட்சி. எட்டாம் நூற்றாண்டு ஐரிஷ் சட்டம் மரங்களைத் தரம் பிரித்து, ஓக்கையும் யூவையும் வெட்டினால் மாட்டுக் கணக்கில் அபராதம் போட்டது. இதைப் படிக்கிற பிள்ளை வீணாகப் போய்விடுமா?

"கடல்பாசியைப் பற்றி ஆங்கிலத்திலேயே படிக்கலாமே" என்பீர்கள். படிக்கலாம். ஆனால் அந்த அம்மாவிடம் ஆங்கிலத்தில் கேட்டால் பாதிதான் வரும், நானே பார்த்தேன். "டப்ளின்காரர்களே பேசுவதில்லையே." அது அவர்கள் கவலை, அதில் நாம் இளக்காரம் பேச ஒன்றுமில்லை. "வேலை கிடைக்குமா?" வேலைக்கு வேண்டியதை மட்டும்தான் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பை எதற்கு நடத்துகிறோம்? அதே மேடையில், அதே வாயால், "தமிழ் எங்கள் உயிர்" என்று தொடங்கினாரே அந்த அண்ணன்! நம் மொழி உயிர், நமக்கு வீடு கொடுத்தவன் மொழி பாரமா? இதுதான் எனக்கு வலிக்கிறது. என் பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை கேட்டார், உங்கள் பிள்ளைகள் வீட்டில் உங்கள் மொழியில் பேசுகிறார்களே, எப்படிச் செய்கிறீர்கள் என்று. அவர் குரலில் ஏக்கம் இருந்தது. அவர் தாத்தா வரை ஐரிஷ் பேசியிருக்கிறார்கள். அவர் முகத்தைப் பார்த்து "செத்த மொழி" என்று சொல்லிப் பாருங்கள்.

உண்மையான கஷ்டம் இருக்கிற பிள்ளைக்கு விலக்கு வாங்குவதை நான் குறை சொல்லவில்லை, அதைத் திரித்து எழுதாதீர்கள்.

"நீ முதலில் பேசு" என்று பின்னூட்டம் போட வருகிறவர்களுக்கு: படித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் நூலகத்தில் வியாழன் மாலை கிர்கல் கோரா நடக்கிறது, வட்டமாக உட்கார்ந்து ஐரிஷ் பேசுவது. கட்டணம் கிடையாது. பிள்ளைகளையும் அழைத்து வரலாம். வருகிறவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள், சேர்ந்தே போவோம். அந்த அண்ணனும் வரலாம்.