சாமுராயும் கணக்குப் பார்த்தவன்தான்

நான் விட்டு வந்த நிறுவனத்தின் பயிற்சி வகுப்புக் காணொளியை எனக்கு அனுப்பிவைத்த அத்தனை நண்பர்களுக்கும் நன்றி, பார்த்துவிட்டேன். "சாமுராய் உயிரை விடுவான், எஜமானரை விடமாட்டான்" என்று பேச்சாளர் முழங்கியதும், வேலையை விட்டுப் போனவர்களின் பெயர்கள் திரையில் வந்ததும், அரங்கம் சிரித்ததும், அதில் மூன்றாவது பெயர் என்னுடையது என்பதும் உங்களுக்குத் தெரியும். என் பெயர் கிடக்கட்டும். சாமுராய் என்ற அந்தப் பழைய ஜப்பானியப் போர்வீரனைப் பற்றிச் சொன்னது தவறு.

1467இல் ஓனின் போரில் தொடங்கி ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஜப்பானியப் பிரபுக்கள் தங்களுக்குள் வெட்டிக்கொண்டார்கள். அந்தக் காலத்துச் சாமுராய் கணக்குப் பார்த்தவன். எஜமானர் நிலம் கொடுப்பார். அதன் விளைச்சலை, ஓர் ஆள் ஓராண்டு உண்ணும் அரிசி ஒரு 'கொக்கு' என்று அளப்பார்கள். அதற்கு ஈடாக அவன் தன் செலவில் ஆளும் ஆயுதமுமாகப் போருக்கு வர வேண்டும். தோதோ தகதோரா என்ற சாமுராய் 1570இல் அனெகவா போரில் அசாய் என்ற பிரபுக் குடும்பத்தின் தரப்பில் நின்றவர். பிறகு எஜமானர் பலரை மாற்றி, 1600இல் செகிகஹாரா போரில், பின்னாளில் ஜப்பானை ஆண்ட தொகுகவா இயெயாசுவின் பக்கம் போரிட்டு, கடைசியில் 3,20,000 கொக்குக்கு மேல் உடைய பிரபுவாக இறந்தார். அவர் பெயரையும் திரையில் போட்டுச் சிரிப்பார்களா?

"சாமுராயின் வழி என்பது சாவு" என்ற புகழ்பெற்ற வாசகத்தை ஹாகாகுரே என்ற நூலில் சொன்ன யமமோதோ த்சுனெதோமோ பிறந்ததே 1659இல், ஒசாகா கோட்டை விழுந்து அந்தப் போர்கள் ஓய்ந்து 44 ஆண்டுகள் கழித்து. அவர் ஒரு போர்க்களத்தையும் கண்டதில்லை. சாவைப் பற்றி அமைதிக் காலத்தில் பேசுவது எளிது, குளிரூட்டிய அரங்கில் பேசுவதைப் போல.

"அப்படியானால் தோரீ மொதோதாதா?" என்று கேட்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். 1600இல் ஃபுஷிமி கோட்டையில், சாவு நிச்சயம் என்று தெரிந்தே, பல மடங்கு பெரிய படையைத் தடுத்து மாண்டவர் அவர். ஆனால் சிறுவயது முதல் இயெயாசுவோடு வளர்ந்தவர் அவர்; அவர் மகனுக்கு 1602இல் ஒரு லட்சம் கொக்கு நிலம் கிடைத்தது. அங்கும் கணக்கு தீர்க்கப்பட்டது என்றுதான் சொல்கிறேன். நான் பதினோர் ஆண்டுகள் உழைத்த இடத்தில், ஊதிய உயர்வு கேட்ட அன்று "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்றார்கள். அப்பாவின் அறுவை சிகிச்சைக்கு நான்கு நாள் விடுப்பு கேட்டபோது அந்தக் குடும்பம் இரண்டு நாள் தந்தது.

விசுவாசத்தின் விலை தெரிய வேண்டுமானால் ஓஆன் என்ற பெண் முதுமையில் சொன்ன நினைவுகளைப் படியுங்கள். அவள் தந்தை, செகிகஹாராவில் இயெயாசுவை எதிர்த்த இஷிதா மித்சுனாரியிடம் 300 கொக்கு பெற்ற சேவகர். அந்த வீட்டில் காலையும் மாலையும் கஞ்சிதான். பதின்மூன்று வயதில் தைத்த ஒரே உடையைக் கணைக்கால் தெரியத் தெரியப் பதினேழு வயதுவரை உடுத்தினாள். அதே 1600இல், மித்சுனாரி தரப்பின் ஒகாகி கோட்டை முற்றுகையிடப்பட்டபோது, வெட்டிக் கொண்டுவந்த எதிரிகளின் தலைகளின் பற்களுக்குக் கறுப்பு பூசுவது பெண்களின் வேலை. கறுத்த பல் உயர்குடியின் அடையாளம், உயர்குடித் தலைக்குப் பரிசு அதிகம். அவளுடைய தம்பி, பதினான்கு வயது, குண்டு பட்டு அவள் கண்முன்னே செத்தான்.

கோட்டை விழப்போகிறது என்றானதும் அந்தத் தந்தை குடும்பத்தைக் கயிற்றில் இறக்கி, அகழியைக் கடந்து தப்பினார். வழியிலேயே மனைவிக்குப் பிரசவமாகி, குழந்தையை வயல் நீரில் கழுவி எடுத்துக்கொண்டு நடந்தார்கள். அவரும் வேலையை விட்டுப் போனவர்தான். திரையில் என் பெயருக்குக் கீழே இடம் இருந்தால் அவரையும் சேர்த்துக்கொள்ளட்டும்.